சிரிப்புக்கு விட்ட இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாடசாலை மண்டபத்துக்கு வந்திருந்தவர்கள், என்னையும் சேர்த்து, முப்பத்தாறு பேர். அம்மா முன்வரிசையில். அப்பா கதவோரத்தில். மாரிமுத்து தாத்தா கதிரை வேண்டாமென்று தரையில். ஐந்தாம் காம்பரா மரியதாஸ் அண்ணன், மாதா படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, குடும்பத்தோடு. கைக்குழந்தைகள் மூன்று. வராதவர் ஒருவர்: முதலாம் காம்பரா செல்லம்மா அக்கா. அவரைத் தவிர இன்னும் பதினொரு பேர் வரவில்லை. அவர்கள் மேல் லயத்துக்காரர்கள். மண்ணுக்குள் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் அன்று அவர்களுடைய பெயர்களும் கூப்பிடப்பட்டன.

கூப்பிட்டவருடைய பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. அவர் எழுதிய படங்களிலும் அவருடைய பெயர் இருந்ததில்லை. ஆகவே நானும் இங்கே எழுதவில்லை.

இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஓரறை வீடுகள்; வரிசையை லயம் என்போம், அறையைக் காம்பரா என்போம். அவரை லயத்தில் எல்லாரும் கோடம்பாக்கத்தார் என்றுதான் சொல்வார்கள். நான் மாமா என்று கூப்பிடுவேன். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த வருடம் அவர் இந்தியாவிலிருந்து ஒரு தோள்பையோடு திரும்பி வந்தார். யார் வீட்டுக்கும் போகவில்லை. முன்பு கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன பிள்ளைக் காம்பரா பூட்டிக் கிடந்தது. கணக்கப்பிள்ளையிடம் கேட்டு அதைத் திறந்து கொண்டார். அதற்குப் பின்னால்தான் மேல் லயம் இருந்த சரிவு. தேயிலை திரும்ப நடவில்லை. மானாப்புல் மட்டும் ஆளுயரத்துக்கு நிற்கும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அதனால் லயத்தில் கடிதம் எழுத, படிவம் நிரப்ப, மருந்துச் சீட்டு வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"ஒனக்குத் தமிழ்ல அடிக்கத் தெரியுமா, போன்ல?"

"தெரியுங்க."

"சிரிக்காம அடிப்பியா?"

நான் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவருடைய தொழிலை எனக்கு ஒருமுறை விளக்கினார். படத்துக்குக் கதை ஒருத்தர் எழுதுவார், வசனம் இன்னொருத்தர். நடுவில் சனம் சிரிக்க நாலைந்து காட்சிகள் வேண்டும். அதை எழுதிக் கொடுக்க வேறொருத்தரை லொட்ஜில் ஒரு அறை போட்டு உட்கார வைப்பார்கள். அந்த வேறொருத்தராக இருபத்தைந்து வருடம் இருந்திருக்கிறார். இங்கே வந்த பிறகும் வேலை வந்துகொண்டுதானிருந்தது. சனம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்துப் பாறையில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்றால் சென்னையிலிருந்து யாரோ உதவி இயக்குநரின் குரல் வரும்: "அண்ணே, ஹீரோ ஜெயிலுக்குப் போறான். ரெண்டு சீன் சிரிப்பு வேணும். நாளைக்குள்ள." மலைமுழுக்கப் பனி மூடியிருக்க அந்தக் குரலைக் கேட்பது விசித்திரமாக இருக்கும்.

அவர் கையால் எழுதித் தருவதை நான் அடித்து அனுப்புவேன். முதல்நாளே ஓரத்தில் சில குறிகளைக் கண்டேன். 'நா.கா. 4' என்று ஓரிடத்தில். 'எ.கா. 2' என்று இன்னோரிடத்தில்.

"இதையும் அடிக்கணுமா மாமா?"

"அடி. அது எடம்."

"என்னா எடம்?"

"சிரிப்புக்கு விடுற எடம். இதச் சொன்னதும் நடிகரு வாயத் தொறக்கக் கூடாது. தலையச் சொறியலாம், வேட்டியக் கட்டலாம், நாலு எண்ற வரைக்கும் அடுத்த வசனம் வரக்கூடாது. நாலாம் காம்பரா ராசுக்கு ஜோக்கு வெளங்க நாலு எண்ணணும். அப்புறந்தான் சிரிப்பான்."

"நம்ம லயத்துல நாலாம் காம்பராவுல ராசுன்னு யாரும்..."

"ஒங்க லயம் இல்ல. மேல் லயம்."

தலையைத் தூக்காமல் சொன்னார். நான் ஜன்னலால் வெளியே பார்த்தேன். புல் மட்டும்தான் நின்றது.

பதினொரு பேருக்கும் அப்படிக் கணக்கு வைத்திருந்தார். எட்டாம் காம்பராக் கிழவி உடனே சிரித்து உடனே நிறுத்திவிடுவாள், இரண்டு போதும். ஒரு பெண் சிரிக்கும்போது பக்கத்திலிருப்பவர் முதுகில் அடிப்பாளாம், அவளுக்கு மூன்றும் ஒரு அரையும். தமிழ்நாடு முழுக்கத் தியேட்டரில் ஆயிரம் பேர் சிரித்த காட்சிகளை அவர் இந்தப் பதினொரு பேருக்கு அளவெடுத்துத்தான் எழுதியிருக்கிறார். படக்காரர்களுக்கு அது தெரியாது. இவர் எழுதினால் டைமிங் சரியாக வரும் என்று மட்டும் தெரியும்.

ஒருமுறை எங்கள் வீட்டு டீவியில் அவர் எழுதிய படம் ஓடியது. அம்மா அவரையும் கூப்பிட்டிருந்தார். காம்பரா நிறையச் சனம், வாசல் இஸ்தோப்பிலும் ஆட்கள். நடிகர் ஒருவர் கடன்காரனுக்குப் பயந்து தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிகிற காட்சி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்லம்மா அக்கா வழக்கம்போல எல்லாரும் முடித்த பிறகு விக்கல் மாதிரி ஆரம்பித்து, நிறுத்தத் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவரும் ஓய்ந்தார். டீவியில் நடிகர் இன்னும் தொட்டிக்குள் பேசாமல் நின்றார். காம்பராவில் சத்தமேயில்லை. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"இருங்க. இன்னொருத்தரு இருக்காரு."

அதன் பிறகுதான் நடிகர் அடுத்த வசனத்தைச் சொன்னார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மாமா போன பின் அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "சிரிப்ப எல்லாம் அங்கயே வித்துப்புட்டு வந்துருக்காரு மனுசன்," என்றார்.

பின்னேரங்களில் எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார்ப்பார். பிள்ளைக் காம்பராவின் பின்கதவைத் திறந்து வைத்துப் புல்லைப் பார்த்தபடி நின்று வாசிப்பார். ஒரு வசனம், பிறகு மௌனம். தலையை மெல்ல ஆட்டுவார். அடுத்த வசனம். நான் தாள் வாங்கப் போய் வாசலில் நின்றபோது ஒருநாள் நடுவில் நிறுத்திவிட்டார்.

"கெழவி சிரிக்கல. மாத்தணும்."

நான் அப்போது கொஞ்சம் படித்தவன் என்கிற திமிரில் கேட்டேன். "எப்பிடித் தெரியுது மாமா ஒங்களுக்கு?"

அவர் கோபப்படவில்லை. நெஞ்சுக்குக் கீழே கைவைத்துக் காட்டினார். "இங்க ஒரு கல்லு கெடக்கு. அவங்க சிரிச்சா கொஞ்சம் நகரும். இன்னைக்கு நகரல."

மாரிமுத்து தாத்தாதான் எனக்கு மீதியைச் சொன்னார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது.

"அவன் அந்தக் காலத்துல லயத்துக் கோமாளிடா. தொரை மாதிரி நடப்பான், வேல வாங்குற கண்டாக்கு மாதிரி ஏசுவான். அவன் வாயத் தொறந்தா சனம் சிரிக்க ரெடியா நிக்கும். அந்த மழையில வெறகுக்குப் போனவன் மேல மலையில வெடிப்பப் பாத்துட்டு ஓடியாந்தான். பீலித் தண்ணியும் செவப்பா வந்துச்சு. சொன்னான். சொன்னவன் சும்மா சொன்னானா? ஓடி வர்ற தொரை மாதிரி கால்சட்டையக் கையில புடிச்சிக்கிட்டு, மலை வருது, மலை வருதுன்னு சொன்னான்."

"அப்புறம்?"

"சிரிச்சாங்க. இன்னொருக்கா செஞ்சு காட்டுன்னாங்க. செஞ்சு காட்டுனான். ரெண்டாந்தரம் அவனும் சேந்து சிரிச்சான். நான் கொழுந்து லொறியில ஏறிக்கிட்டே பாத்தேன். அவன் அந்தச் சந்தோசத்துல டவுனுக்குப் படம் பாக்கப் போனான். திரும்பி வரக்குள்ள லயம் இல்ல."

கூடலூரில் குடியேறிய உறவினர் யாரோ அவரை அழைத்துப் போனார்கள், அங்கிருந்து சென்னை. அவ்வளவுதான் எல்லாருக்கும் தெரியும்.

போன வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயம். மாமா வெளியே போயிருந்தார். மேசையிலிருந்த கொப்பியில் அடிக்க வேண்டிய பக்கத்தைத் தேடினேன். மேல் லயத்துப் பதினொரு பெயர்களும் எண்ணோடு வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே கோடில்லை, இடைவெளியில்லை. எங்கள் லயம் தொடங்கியது. 'செல்லம்மா. விக்கல் மாதிரி. எல்லாரும் முடிச்ச பிறகு. 3, பிறகு நிக்காது.' என் அம்மாவின் பெயர். 'கையால் வாயைப் பொத்தும். 2.' அப்பாவின் பெயர். 'சத்தம் வராது. தோள் குலுங்கும். 3.' கடைசியில் என் பெயர். 'யோசிச்சுச் சிரிப்பான். 5.'

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு நாளில் லயம் முழுக்கப் பரவிவிட்டது.

"செத்தவங்க பேருக்குக் கீழ நம்ம பேர எழுதுறாருன்னா என்னா அர்த்தம்?" என்று மரியதாஸ் அண்ணன் இஸ்தோப்பில் நின்று கேட்டார். அதன் பிறகு யாரும் அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடவில்லை. அவர் பாதையில் வந்தால் பெண்கள் குழந்தைகளைக் காம்பராவுக்குள் இழுத்துக் கொண்டார்கள். எதையாவது பேசிச் சிரித்துக் கொண்டிருப்பவர்கள் அவரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள், அளந்துவிடுவார் என்ற பயத்தில்.

செல்லம்மா அக்கா மட்டும் பயப்படவில்லை. "எழுதட்டுமே. காலையில பேரு கூப்புடுற பெரட்டுல நமக்கு அரை நாள் கூலின்னு அரைப் பேருதான் போடுறானுக. இவராச்சும் முழுப் பேரு போடட்டும்," என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே பிந்திச் சிரித்தார்.

நான் மாமாவிடமே போய்க் கேட்டேன். "எங்க பேரயெல்லாம் எதுக்கு எழுதுனீங்க மாமா?"

அவர் என்னைப் பீலிக்குக் கூட்டிப் போனார். இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்திக் காட்டினார். சாயத் தண்ணீர் போலிருந்தது.

"மூணு நாளா இப்பிடி வருது," என்றார். "ஒங்க லயத்துக்கு மேல போயிப் பாத்தேன். வெடிப்புல என் முழங்கை வரைக்கும் போகுது."

எங்களுக்கு அது புதிய செய்தியில்லை. கிராம சேவகர் வந்து, மண்சரிவு அபாயம், வெளியேறுங்கள் என்று சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். முந்திய இரண்டு வருடத்தில் மூன்று தடவை அப்படித் தாள் ஒட்டினார்கள். மூன்று தடவையும் பாய், பானை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைத் தரையில் போய்ப் படுத்தோம். ஒருதடவை மறுநாளே வெயிலடித்தது. திரும்பி வந்தபோது மரியதாஸ் அண்ணன் வீட்டுக் கேஸ் சிலிண்டர் இல்லை. செல்லம்மா அக்காவின் ஐந்து கோழி இல்லை. நாலாம் தடவை யாரும் அசைவதாக இல்லை. சனிக்கிழமை மாமா நனைந்துகொண்டே காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினார். பாதிக் கதவு திறக்கவேயில்லை. திறந்த வீட்டிலும், "நீங்க பேரு எழுதி வச்சிருக்கீங்க, நீங்களே போங்க," என்றார்கள்.

அன்று பின்னேரம் என்னிடம் வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மாஸ்டர், பாடசாலைத் தொறப்பு ஒன்கிட்டதானே இருக்கு?"

நான் அங்கே சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியன். பூட்டின் திறப்பு என்னிடம்தான் இருந்தது.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு எல்லாருக்கும் கொமடி வாசிக்கப் போறேன்னு சொல்லு. புதுப் படம், இன்னும் வெளிய வரல. சென்னைக்காரன் கேக்குறதுக்கு முன்னாடி பூண்டுலோயாக்காரன் கேக்கலாம்னு சொல்லு. தின்னப் பணிஸ், குடிக்கத் தேத்தண்ணி உண்டு."

"வருவாங்களா மாமா?"

"மலை வருதுன்னா வரமாட்டாங்க. கொமடின்னா வருவாங்க." "மழை விடுற வரைக்கும் வாசிப்பேன். என்கிட்ட நாப்பது சீன் இருக்கு. ஒரு ஆளும் நடுவுல எந்திரிச்சுப் போகக் கூடாது. பெரட்டு புடிக்கணும். நான் கூப்புடுறேன், நீ சரி போடு. ஒரு பேரு கொறையக் கூடாது."

வந்தார்கள். பயம் இருந்தும் வந்தார்கள். படத்துக்காரர், அதுவும் படம் வருவதற்கு முன்பே. வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று மேசையில் இருந்தது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் அது இல்லாமல் ஒன்றும் கேட்டிருக்காது. ஓடைக்கு இந்தப் பக்கம் பாடசாலை, அந்தப் பக்கம் லயம். நடுவில் பாலம். மண்டபத்து வாசலில் நின்றால் லயத்தின் கூரை மங்கலாகத் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது வராத ஆளுக்குப் பக்கத்திலிருப்பவர் குரலை மாற்றி "இருக்கேங்க" என்று சொல்லிவிடுவது எங்களிடையே வழக்கம். அந்த நாள் கூலிக்குப் பெயர் விழுந்துவிடும். ஆள் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டோ, பானையை இறக்கிவிட்டோ பின்னால் மலைக்கு வந்து சேர்ந்துகொள்ளும். பொய்யென்று யாரும் நினைப்பதில்லை. செய்யாமல் விடுவதைத்தான் துரோகமென்று நினைப்பார்கள். அம்மாவும் செல்லம்மா அக்காவும் இருபது வருடமாக ஒருவருக்கொருவர் அப்படிப் பெயர் சொன்னவர்கள். அம்மா என்னை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று அவருக்குப் பெயர் சொன்னது செல்லம்மா அக்கா.

மாமா மைக்கைப் பிடித்தார். எங்கள் பெயர்களைக் கூப்பிடவில்லை. மேல் லயத்திலிருந்து தொடங்கினார்.

"நாலாம் காம்பரா ராசு."

மழை மட்டும் கேட்டது. அவர் நாலு எண்ணுகிற அளவுக்கு நின்றார். யாரோ ஒரு குழந்தையைத் தட்டினார்கள். அப்போது தரையிலிருந்து மாரிமுத்து தாத்தா, குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

"இருக்கான்யா."

அவர் அடுத்த பெயரைச் சொன்னார். "எட்டாம் காம்பரா பேச்சியாயி." பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி, "இருக்குங்க." அடுத்த பெயருக்கு வேறொருவர். பதினொரு பெயருக்கும் மண்டபத்தில் பதில் வந்தது. சொன்னவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. என் கையிலிருந்த பட்டியலில் அந்தப் பெயர்களுக்கும் நேரே சதுரம் போட்டிருந்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் பதினொன்றுக்கும் சரி போட்டேன்.

"ஒண்ணாம் காம்பரா செல்லம்மா."

"இருக்கேங்க."

குரல் தடித்திருந்தது. ஆனால் அது என் அம்மாவின் குரல். நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும்: போடுடா, வந்துடுவா. அக்கா கோழியைக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்திருக்கிறார். இந்தத் தடவை கோழியை விட்டுவிட்டு வர அவருக்கு மனமில்லை. செத்தவர்களுக்கே எல்லாரும் பெயர் சொல்லி, நானும் சரி போட்டாயிற்று. உயிரோடு வந்துகொண்டிருக்கிறவருக்கு எப்படிப் போடாமல் விடுவது? அத்தனை பேருக்கு முன்னால் அம்மாவைப் பொய் சொன்னவராக எப்படி நிறுத்துவது? சரி போட்டேன்.

மாமா வாசிக்கத் தொடங்கினார். வீட்டை விட்டு வெளியேற மறுக்கிற ஒருவனும் அவனைக் கூப்பிட வந்த அதிகாரியும்.

"'ஒனக்கு வேற வீடு கட்ட அடிக்கல் நட்டிருக்கோமே, அங்க போயேன்யா.' 'அத நட்டு எட்டு வருசமாச்சு சேர். தெனமும் தண்ணி ஊத்துறேன். இன்னும் மொளைக்கல.'"

மண்டபம் அதிர்ந்தது. எங்கள் தோட்டத்திலும் அப்படி ஒரு கல் இருந்தது. அம்மா வாயைப் பொத்தினார். அப்பாவின் தோள் குலுங்கியது. நான் ஐந்து எண்ணுகிற அளவுக்குப் பிறகு சிரித்தேன், சிரித்ததும் அவர் அதை எழுதியிருந்தது ஞாபகம் வந்து நின்றேன். எல்லாரும் ஓய்ந்த பின் அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். மேல் லயத்துக்கான இடம். அந்த இடத்தில் மழை மட்டும். ஆனால் அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தப் பயமும் சேர்ந்ததாலோ என்னவோ, அடுத்த வசனத்துக்குச் சனம் இன்னும் சத்தமாகச் சிரித்தது.

அரை மணித்தியாலம் போனது. கோழிக் காட்சி வந்தது.

"'வீட்டுல எத்தனை பேரு?' 'நாங்க மூணு பேருங்க, கோழி ஏழு பேருங்க.' 'கோழிக்கு அடையாள அட்டை இருக்கா?' 'முட்டை இருக்குங்க, போதுமா?'"

சிரித்தார்கள். முடித்தார்கள். அவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து முன்வரிசையைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. விக்கல் வரவில்லை. இன்னும் நின்றார். அவருடைய கை நெஞ்சுக்குக் கீழே போனது.

"செல்லம்மா எங்க?"

அம்மா தலையைக் குனிந்தார். நான் பட்டியலைப் பார்த்துச் சொன்னேன், "இருக்காங்கன்னு சரி போட்டிருக்கேன் மாமா."

அவர் என்னை ஏசவில்லை. தாள்கட்டை என் கையில் வைத்து மைக்கைத் தந்தார். "வாசி. எடம் விட்டு வாசி. ஒருத்தரையும் வெளிய விடாத." மழைக்குப் போடும் படங்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பாலத்தை நோக்கி இறங்கினார்.

நான் வாசித்தேன். என் வாசிப்பு பாடம் ஒப்பிப்பது போலிருந்ததால் அதற்கே சிரித்தார்கள். "மாஸ்டரு, இது பரீட்சை இல்ல," என்று மரியதாஸ் அண்ணன் கத்தினார். இரண்டு காட்சி முடிந்தபோது செல்லம்மா அக்கா வாசலில் நின்றார். முழுக்க நனைந்து, கொழுந்துக் கூடைக்குள் கோழிகளோடு.

"அந்த மனுசன் என்னைய ஏசுன ஏச்சு இருக்கே! 'ஒனக்கு மூணு எண்ற எடம் விட்டு வச்சிருக்கேன், போயிச் சிரிடி'ன்னு தொரத்துறாரு."

மண்டபம் முழுக்கச் சிரித்தது.

"அவரு எங்கக்கா?" என்று மைக்கிலேயே கேட்டேன்.

"கதவு தட்டிக்கிட்டு இருக்காரு. எல்லாரும் இங்கதான்யா இருக்காங்கன்னு சொன்னேன். 'லிஸ்ட்டுல ஒரு பேரு பொய்யி. இனி ஒண்ணையும் நம்பேலாது'ன்னுட்டு ரெண்டாம் காம்பராவத் தட்டப் போனாரு. நான் பாலத்துல திரும்பிப் பாக்கக்குள்ள அஞ்சாம் காம்பராவுல நின்னாரு. பூட்டுன கதவு, தட்டித் தட்டிக் காத வச்சுக் கேக்குறாரு."

நான் மைக்கைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். அப்பா குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். அவருடைய கையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. கல் ஏற்றிய லொறிகள் பல ஒன்றாகக் கொட்டுவது போல. பிறகு மின்சாரம் போனது. வாசலில் நின்று பார்த்தேன். லயத்துக் கூரை தெரியவேண்டிய இடத்தில் சிவப்பு மண் மெதுவாக நகர்ந்து கொண்டிருந்தது.

இராணுவத்தினர் வந்ததும் ஒருவர் சிங்களத்தில் என்னிடம்தான் கேட்டார், பட்டியல் என் கையிலிருந்ததால். "ஒக்கொம இன்னவாத?" எல்லாரும் இருக்கிறார்களா என்று. நான் பட்டியலைப் பார்த்தேன். எல்லாச் சதுரத்திலும் சரி இருந்தது. மேல் லயத்துக்கும் இருந்தது. பட்டியலின்படி ஒருவரும் குறையவில்லை. அவருடைய பெயரைச் சொல்ல எனக்கு நேரமெடுத்தது.

இரண்டாம் நாள் அவர் கிடைத்தார். பதினோராம் காம்பரா வாசலில்.

நாங்கள் இப்போது பழைய தேயிலைக் களஞ்சியத்தில் பலகை அடித்துப் பிரித்த இடங்களில் இருக்கிறோம். வீட்டுக்குப் புதிதாக ஒரு அடிக்கல் நட்டிருக்கிறார்கள். அந்தப் படம் போன மாதம் வந்தது. கோழிக் காட்சியை நான்தான் முன்பே அடித்து அனுப்பியிருந்தேன், '3' என்ற குறியோடு. ஒரு போனைச் சுவரில் சாய்த்து வைத்து எல்லாரும் பார்த்தோம். நடிகர் முட்டை வசனத்தைச் சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களில் யாரும் சிரிக்கவில்லை. செல்லம்மா அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கொண்டிருந்தார். அந்த மூன்றும் வெறுமனே போய்க்கொண்டிருந்தபோது தரையிலிருந்து மாரிமுத்து தாத்தா சொன்னார்:

"இருக்கான்யா."

யார் பெயருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவருடைய தாள்கட்டின் கடைசியில் அன்றைய செலவுத் துண்டு இருக்கிறது, அவருடைய கையெழுத்தில். ஒலிபெருக்கிப் பெட்டி, பணிஸ் ஐம்பது, சீனி, தேயிலை, பால்மா. ஆறாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். முப்பத்தேழு பேருக்கு அவர் கொடுத்தது அவ்வளவு. நான் போட்ட ஒரு சரிக்கு அவர் தட்டியது, செல்லம்மா அக்காவின் கதவு போக, பத்துக் கதவு.